வாளி அண்ணாச்சி விற்ற ஒரே வீடு

வீட்டை விற்கவிடாமல் தடுப்பதற்கென்றே வீட்டுப் புரோக்கர் ஆன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் தூத்துக்குடியில், கடலோரம், எங்கள் காலனியில் இருந்தார். பெயர் வாளி அண்ணாச்சி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவருடைய துறைமுகப் பென்ஷன் புத்தகத்தோடு சரி, நாங்கள் யாரும் அதைப் புழங்கியதில்லை.

அவர் கைக்கு வந்த வீடுகள் பதினெட்டு இருக்கும். விற்றது ஒன்று. அது என் வீடு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் அதற்குப் போனால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். ஆகவே முதலில் காலனியைச் சொல்கிறேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மனை வாங்கி, ஒரே கொத்தனாரை வைத்து, அச்சில் வார்த்த மாதிரி வீடு கட்டினார்கள். என் வீட்டுக்காரர் அங்கே கிரேன் ஓட்டினார். எல்லாருக்கும் அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயசு. சேர்ந்து குடிவந்தவர்களுக்குச் சேர்ந்துதான் வயசாகும் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத்தான் தோன்றவில்லை என்றால், இன்ஜினியர்களுக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் தோஹா, மஸ்கட், சென்னை, கனடா என்று கிளம்பினார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண் மூடினார்கள், என் வீட்டுக்காரரும்தான். வீட்டுக்கு வீடு பூட்டு விழுந்தது.

அந்தச் சாவிகள் எல்லாம் அண்ணாச்சியிடம் போயின. துறைமுக ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் சாவி வைத்திருந்தவர், ஒரு ஆணி குறைந்ததில்லை என்று பெயர். "அங்கிள், நல்ல பார்ட்டி வந்தா முடிச்சு விட்டுருங்க" என்று வெளிநாட்டிலிருந்து போன் வரும். "பாத்துக்கிட்டே இருக்கேன்யா" என்பார். பார்த்துக்கொண்டே மட்டும்தான் இருந்தார்.

பார்ட்டிகளுக்குக் குறைவில்லை. கண்டெய்னர் லாரி நிறுத்த இடம் வேண்டும், குடோன் போட வேண்டும் என்று கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறக்குமுன் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்பார்.

"இருக்கதுக்கு வாங்குதீயளா, இடிக்கதுக்கு வாங்குதீயளா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கிடுவோம் அண்ணாச்சி. தண்ணி எப்படி?"

"போர்த் தண்ணியா? கருவாடு கழுவுன தண்ணி தோத்துப்போவும். போன வருசம் குளிச்சவன் இன்னும் சொறிஞ்சிக்கிட்டுத் திரியுதான்."

"மழைக்குத் தண்ணி நிக்குமோ?"

"வெள்ளம் வந்தப்ப இந்த வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்து வந்து வாசல்ல எட்டிப் பாத்துச்சு. நான்தான் உள்ள போன்னு தள்ளிவிட்டேன்."

"கம்பியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அண்ணாச்சி ஜன்னல் கம்பி ஒன்றை இரண்டு விரலால் அப்பளம் மாதிரி ஒடித்துப் பார்ட்டியின் கையிலேயே கொடுப்பார். உப்புக்காற்று செய்த வேலை. பார்ட்டி கையை உதறிக்கொண்டு காரில் ஏறியதும், அதே கம்பியைச் சோப்பு வைத்து அங்கேயே ஒட்டிவிடுவார். ஒரே கம்பி ஆறு பார்ட்டியை விரட்டியிருக்கிறது.

"இருக்கத்தான் வாங்குதோம்" என்று யாராவது வந்தால் ஆள் குழைந்துவிடுவார். "பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டுத் தன் செலவில் டீ வாங்கிக்கொடுப்பார். ஆனால் பிள்ளை வைத்திருப்பவர்கள் பள்ளிக்கூட வேன் வருமா என்பார்கள். பிள்ளை இல்லாத காலனிக்கு வேன்காரன் ஏன் வருகிறான்? வேன் வராத இடத்துக்குப் பிள்ளைக்காரர்கள் ஏன் வருகிறார்கள்? எல்லாரும் பைபாஸ் பக்கம் புது மனைக்குப் போய்விட்டார்கள்.

இனி வாளி.

ஒரு முறை பூட்டிக்கிடந்த வீட்டில் கள்ளன் புகுந்து பித்தளைக் குழாய் வரை கழற்றிக்கொண்டு போனான். மறுநாளே நான் முன்கதவுக்கு மூன்று பூட்டு வாங்கினேன். காம்பவுண்டுச் சுவர் மேல் சிமெண்டு பூசிக் கண்ணாடிச் சில்லு பதித்தேன். அப்படியும் படுக்கப் போகுமுன் கேஸ் அடைத்தேனா என்று மூன்று தரம், பூட்டை நாலு தரம் பார்க்காமல் முதுகு கட்டிலில் படாது. அண்ணாச்சி வேறு வழி பிடித்தார். காலையில் பிளாஸ்டிக் வாளி நிறைய ஈரத்துணியோடு வந்து, பக்கத்திலிருந்த பூட்டிய வீட்டின் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? உங்க வீட்டுல கொடி இல்லியா?"

"கள்ளன் பூட்டையா பாக்கான்? கொடியைத்தான் பாக்கான் மைனி. துணி கெடந்தா ஆளு இருக்குன்னு போயிருவான்." என்னை அவர் அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவார்.

"அதுக்குக் காஞ்ச துணி போதாதா? என்னத்துக்கு நனைச்சுச் சுமக்கீய?"

"சொட்டணும். சொட்டலேன்னா கண்டுபிடிச்சிருவான்."

அன்றிலிருந்து தினமும். ஒரு கொடியில் வேட்டியும் இரண்டு சேலையும், இன்னொன்றில் கைலியும் நைட்டியும், அடுத்ததில் பிள்ளைகள் கவுன். வாரம் ஒரு தரம் குடும்பங்களை வீடு மாற்றிவிடுவார். ஒரே குடும்பம் ஒரே இடத்தில் இருந்தால் கள்ளனுக்குச் சந்தேகம் வருமாம்.

கனடாவிலிருக்கும் ஒரு பையன் தன் வீட்டு வாசலில் கேமரா வைத்திருந்தான். ஒரு நாள் பதறிப்போய்க் கூப்பிட்டான்.

"அங்கிள், எங்க வீட்டுக் கொடியில பூப்போட்ட நைட்டி காயுது! யாரு நைட்டி அது?"

"காவலுக்குப் போட்டிருக்கேன்யா."

"காவலுக்கு நைட்டியா?"

"நாயின்னா சோறு வைக்கணும். நைட்டி என்ன கேக்குது?"

பையன் நம்பிவிட்டான். அவன் பெண்டாட்டி நம்பவில்லை. ஆறு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி.

அரசாங்கக் கணக்குக்காக வீடு வீடாகப் பெயர் எழுத ஒரு டீச்சர் வந்தாள். பூட்டிய வீட்டைக் காட்டி, "இங்கன எத்தனை பேரு சார்?" என்றாள்.

"துணியைப் பாத்தா அஞ்சு பேரு மாதிரித் தெரியுது."

அவள் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அவர் காதருகே போனேன். "அண்ணாச்சி, பொய்க் கணக்குன்னு ஜெயில்ல போட்டுருவான்!"

"போடட்டும் மைனி. அங்கன ஆளு நெறைய இருக்கும்லா."

சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன். வரவில்லை.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. வருஷப் பிறப்பன்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், காலனியில் உயிரோடு இருப்பவர்கள் வயசையெல்லாம் கூட்டி, ஆளுக்கு வகுத்து, காலனிக்கு என்ன வயசு என்று சொல்வார். "இப்ப எழுபத்தொண்ணு நடக்கு மைனி." ஒரு வெல்டர் கைக்குழந்தையோடு இரண்டாவது தெருவில் வாடகைக்கு வந்தபோது கால் கிலோ மக்ரூன் வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார். காய்ச்சல் விட்ட மாதிரி, "வயசு இறங்கிட்டு! இறங்கிட்டு!" என்று ஒரே கூச்சல். எட்டு மாதத்தில் வெல்டரும் பைபாஸ் பக்கம் போய்விட்டான். அந்த வருஷமே மூன்று பெரியவர்கள் அடுத்தடுத்துத் தவறினார்கள். நான் புத்தியில்லாமல், "இப்பவும் வயசு இறங்கியிருக்குமே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் காலண்டர் தாளை நாலாகக் கிழித்தார். அதற்குப் பிறகு கணக்கே போடவில்லை.

ஒரு நாள் கொடியில் ஒரு மாம்பழக் கலர் சேலையைப் பார்த்தேன். அதே சேலை என்னிடமும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சியின் சம்சாரமும் நானும் ஒரே கடையில் சேர்ந்து எடுத்தது. அந்த அக்கா இறந்து ஏழு வருஷம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கவுன்களெல்லாம் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவர் மகளுடையவை. உப்புக்காற்றில் சேலை ஓரம் நைந்து தொங்கியது.

"அண்ணாச்சி, இது அக்கா சேலைல்லா? இத ஏன் வெயில்ல போடுதீய?"

"பெட்டியில வச்சா பூச்சி திங்கும் மைனி. காத்தாவது திங்கட்டும்."

இதற்கு மேல் வேடிக்கை கிடையாது. என்னால் முடிந்தவரை இழுத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பின்வாசலில் பாசி வழுக்கி விழுந்தேன். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. செல்போன் அடுக்களையில். முன்கதவில் மூன்று பூட்டு, சாவி உள்ளே ஆணியில். கத்தினேன். சுற்றி இருந்தவை எல்லாம் பூட்டிய வீடுகள், கொடியில் நேற்றைய துணிகூட இல்லை. தனியாக இருந்தால் என்ன ஆகும் என்று வருஷக்கணக்காகப் பயந்து பயந்து என்னவெல்லாம் செய்தேனோ, அதெல்லாம் சேர்ந்து என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. பத்து மணிக்கு மேல் பக்கத்துக் காம்பவுண்டில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி..."

"மைனியா? எங்கன இருக்கீய?"

"கீழ கெடக்கேன்."

முன்பக்கம் போய்க் கதவை உலுக்கினார். பக்கவாட்டில் சந்து கிடையாது, திரும்பி ஓடிவந்தார். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு. வாளியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அதன் மேல் விரித்தார். வேட்டி, கைலி, கவுன். அப்படியும் குத்தியது போலிருக்கிறது. கடைசியாக அந்த மாம்பழக் கலர் சேலையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் கைவைத்து ஏறி இந்தப் பக்கம் குதித்தார். எழுபத்தாறு வயசு மனிதர். சேலை கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மைனி, கேஸ் அடைச்சாச்சா?"

மூன்று மணி நேரமாக வலியை விட அதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. உள்ளே ஓடினார். "அடைச்சிருக்கு!" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

தோஹாவிலிருந்து மகன் பத்து நாள் லீவில் வந்தான். "போதும்மா. வீட்டை வித்துருவோம். கோயம்புத்தூர்ல உன் மருமகளோட இரு" என்றான். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து தானே நின்று தண்ணீர் ஊற்றிய சுவர். எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சரி என்றேன். காரணத்தை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. விற்கப்போவது வாளி அண்ணாச்சி அல்லவா, எப்படியும் கெடுத்துவிடுவார் என்ற தைரியம்தான்.

பார்ட்டி வந்தது. நான் உள்ளறையில் கட்டிலில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி எப்படி அண்ணாச்சி?"

கருவாட்டுக்குக் காத்திருந்தேன்.

"குடிக்கக் குழாய்த் தண்ணி வருது. போர்த் தண்ணியும் புழங்கலாம். குத்தம் சொல்ல முடியாது."

"வெள்ளத்துக்கு?"

"கிரேன்காரரு ரெண்டு படி தூக்கிக் கட்டியிருக்காரு. உள்ள ஒரு சொட்டு வரல."

"கம்பி?"

"இழுத்துப் பாருங்க. நல்லா இழுங்க."

இருக்கவா, இடிக்கவா என்று அவர் கேட்கவே இல்லை. வந்தவர்கள் லாரி நுழையுமா என்று வாசலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

சாயந்தரம் அண்ணாச்சி பார்க்க வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஊரு வீட்டையெல்லாம் காப்பாத்துவீய. எங்க வீடுன்னா மட்டும் வித்துருவீயளோ?"

வாளியின் கைப்பிடியை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் மைனி. இன்னைக்கு ஒரு நாள் துணி போடாண்டாம்னுதான் படுத்திருந்தேன். அதான் வர பத்து மணி ஆயிட்டு. வராமலே இருந்திருந்தா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"கொடியில தொங்குத துணி கள்ளனுக்குத்தான் ஆளு மாதிரித் தெரியும். விழுந்து கெடக்கவளத் தூக்குமா?"

இப்போது நான் கோயம்புத்தூரில் நாலாவது மாடியில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் சத்தத்தில் காது அடைத்துப்போகிறது. பின்வாசல் கிடையாது, வழுக்கி விழப் பாசியும் கிடையாது. போன மாதம் பழைய பால்காரர் போன் பண்ணினார். "வாளி அண்ணாச்சி போயிட்டாருக்கா. நான்தான் பாத்தேன்" என்றார். எப்போது போனார், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. எதையும் நாலு தரம் சரிபார்க்கிறவள் நான். இந்த ஒன்றை மட்டும் தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.

பத்திரம் பதிந்த நாள்தான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். சாட்சி அண்ணாச்சி. அங்கிருந்த கிளார்க் அவர் ஆதாரை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இந்த அம்மாவ எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீடா? அவங்க முதல் தெரு. உங்க ஆதார்ல நாலாவது தெருன்னு போட்டிருக்கு. சாட்சிக்காரர் சரியாச் சொல்லணும் பெரியவரே."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நடுவுல எல்லாம் பூட்டிக் கெடக்கு தம்பி. எங்க வீட்ட விட்டு எறங்குனா, அடுத்தாப்ல ஆளு இருக்க வீடு இவங்க வீடுதான்."

கிளார்க் ஆதாரைத் திருப்பிக்கொடுத்துப் பேனாவை நீட்டினார். தனக்கு மிச்சமிருந்த ஒரே பக்கத்து வீட்டை விற்கிற பத்திரத்தில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.