மழைமணியைத் திருடியவர் குறித்த அறிக்கை

ஒரு நாட்டின் நீதி, நாற்காலிகள் போடப்படும் வரிசையில் தொடங்குகிறது. இதைக் குறைகேட்புப் பிரிவை விட நன்றாக அறிந்த அலுவலகம் பூமியில் இல்லை. ஆகவே முதலில் வருகை விவரம்.

மேசையின் தலைமாட்டில், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில், பிரிவுத் தலைவர். அவருக்கு இடப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, தட்டச்சர் அக்கா. வலப்பக்கம், சுவரில் சாய்ந்துகொள்ள வசதியாக, கோப்பறைக்காரர். எதிரே, அட்டைப்பெட்டியைப் பிரித்து நிறுத்திய மறைப்புக்குப் பின்னால், கடித எழுத்தர். வாசலில் முக்காலி போட்டு, பாதி உடம்பு அறையிலும் பாதி உடம்பு வராந்தாவிலுமாக, காவலாளி. இவர் வருகைப் பதிவேட்டில் சேர மாட்டார், ஆனாலும் இருந்தார்.

கூடியதன் நோக்கம்: மழைமணியைத் திருடியவனைப் பிடிப்பது.

தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. 'புலனாய்வுத் திறன் மேம்பாட்டின்' பொருட்டு, ஒவ்வொரு பிரிவும் கற்பனைப் பாத்திர விளையாட்டு ஒன்றை ஆடவேண்டும். ஒருவர் மாய உலகக் கதை ஒன்றைக் கட்டி அதில் துப்புகளை ஒளித்து வைப்பார். மற்றவர்கள் வீரர்களாகவும் வில்லாளிகளாகவும் உள்ளே புகுந்து, பகடை உருட்டி, குற்றவாளியைக் கண்டுபிடிப்பார்கள். மூன்று வெள்ளிக்கிழமை மதியம் அவகாசம். யாரும் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையைப் பார்த்துச் சிரித்தவர்கள் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்து அழுததுண்டு.

கடைசிப் பத்திதான் கடித எழுத்தரின் கண்ணில் பட்டது. குற்றவாளியின் பெயரோடு, எல்லோரும் கையொப்பமிட்ட அறிக்கை வந்து சேர்ந்தால், கதை கட்டியவர் தலைமையகத்துக்குப் 'பயிற்சியாளராக' எடுத்துக்கொள்ளப்படுவார்.

தலைமையகம் இருந்த நகரத்தில்தான் அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்த்தார். நாலு வருஷமாக, சனிக்கிழமை பேருந்தில் ஏறி ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் திரும்பும் தாம்பத்தியம்.

"இந்தத் தடவையாவது மாத்தல் கிடைக்குமாங்க?" என்று தொலைபேசியில் கேட்டிருந்தார் மனைவி. "குழாய் ஒழுகுதுன்னா கூட நீங்க வர்ற சனிக்கிழமை வரைக்கும் அடியில வாளி வெச்சுட்டு உட்காந்திருக்கேன்."

கதை கட்டும் பொறுப்பை எழுத்தரே கேட்டு வாங்கிக்கொண்டார். எதையும் முறையாகச் செய்கிறவர். ஒரு முடிவுக்கு ஒரு துப்பு போதாது, மூன்று வைக்கவேண்டும் என்று சுற்றறிக்கையின் பின்னிணைப்பு சொன்னது. ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும் என்பது கணக்கு. கதையும் நேரானது. அடித்தால் மழை பெய்யும் மணி ஒன்றைக் கோபுரத்திலிருந்து யாரோ எடுத்துவிட்டார்கள், நாடு காய்கிறது. எடுத்தவர், அரசருக்கு வலக்கையாக நிற்கும் அரசவை மந்திரவாதி.

முதல் வெள்ளி. கோபுரப் படியில் ஊதாத் துணிக்கிழிசல் ஒன்று கிடைத்தது. "அந்த நாட்டில் ஊதா அங்கி அணிய உரிமை பெற்றவர் ஒருவரே, அவர் அரசவை மந்திரவாதி" என்று எழுத்தர் நிதானமாக வாசித்தார். அடுத்து, ஈரமான காலடித் தடம், ஆறு விரல். "மந்திரவாதிக்கு இடது காலில் ஆறு விரல்." மூன்றாவதாக, மந்திரவாதியின் ஆந்தை உதிர்த்த இறகு.

வாள்வீரனாக வந்த பிரிவுத் தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "ம்ம். சிக்கலான கேசு."

"மந்திரவாதிதான் சார்!" என்றார் வாசலிலிருந்து காவலாளி.

"நீ எந்தப் பாத்திரம்ப்பா?"

"எனக்கு ஒண்ணும் குடுக்கலையே சார்."

"அப்ப கருத்துச் சொல்லக்கூடாது. அதெல்லாம் முறை."

குள்ள மாவீரரான கோப்பறைக்காரர் கிழிசலுக்கு ஒரு எண், தடத்துக்கு ஒரு எண், இறகுக்கு ஒரு எண் கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டார். முடிச்சு அழகாக விழுந்தது. மணி ஐந்தாகிவிட்டது.

தன் துப்புகளில்தான் கோளாறு என்று எழுத்தர் முடிவு செய்தார். நல்ல கலைஞனுக்கு அழகு அது. ஒரு வாரம் உட்கார்ந்து, இன்னும் வெளிச்சமான துப்பு ஒன்றைச் செதுக்கினார். இரண்டாம் வெள்ளியன்று வீரர்கள் மந்திரவாதியின் அறைக் கதவைத் திறந்தபோது, நாடு முழுக்க வறட்சி, அந்த அறைக்குள் மட்டும் அடைமழை. அலமாரிக்குள்ளிருந்து கணீர் கணீரென்று மணிச்சத்தம்.

வனத்து வில்லாளியான தட்டச்சர் அக்கா இருபது முகப் பகடையை உருட்டினார். இருபது விழுந்தது.

"உச்சம்!" என்று எழுத்தர் எழுந்தே விட்டார். "அக்கா, உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சுபோச்சு! என்ன தெரியுது?"

அக்கா தலைவரைப் பார்த்தார். தலைவர் கோப்பறைக்காரரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கூரை ஒழுகுது தம்பி," என்றார் அக்கா.

"அது பராமரிப்புப் பிரிவு விவகாரம்," என்றார் தலைவர். "நாம தலையிட முடியாது. ஒரு நினைவூட்டல் அனுப்பிடுவோம்."

"அலமாரியைத் திறந்து பாக்கலாமே சார்?"

"யார் உத்தரவுல?"

மூன்றாம் வெள்ளி வந்தது. இனி வெள்ளி இல்லை. துப்பு வைக்கும் கலையில் அதுவரை எவரும் எட்டாத உயரத்தை அன்று எழுத்தர் எட்டினார். வீரர்களின் காலடியில் ஒரு கடிதம் பறந்து வந்து விழுந்தது. 'மழைமணியை எடுத்தது நானே. இப்படிக்கு, அரசவை மந்திரவாதி.'

தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து இருக்கு. தேதி எங்க?"

"சான்றொப்பமும் இல்ல," என்றார் கோப்பறைக்காரர்.

"நகல் மாதிரியும் தெரியுது," என்றார் அக்கா.

எழுத்தர் மறைப்புக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, குரலைக் கனமாக்கிக்கொண்டு, மந்திரவாதியாகவே மாறினார். "வீரர்களே! இதோ, நானே வந்துவிட்டேன். மணியைத் திருடியவன் நான்தான்! என்னைப் பிடியுங்கள்!"

தலைவர் சட்டென்று எழுந்து நின்றார். "ஐயா வாங்க, வாங்க. ரொம்ப மன உளைச்சல்ல இருக்கீங்க போல. முதல்ல உட்காருங்க. ஏம்ப்பா, ஐயாவுக்குத் தண்ணி கொண்டா!"

எழுத்தர் பகடையைக் கீழே வைத்தார். அட்டை மறைப்பையும் மடக்கினார்.

"சார், நிஜமாவே புரியலையா? கதை அவ்வளவு மோசமா?"

தட்டச்சர் அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"தம்பி, எங்களுக்கு முதல் வெள்ளிக்கிழமையே தெரியும். கிழிசலைப் பார்த்ததும் தெரியும்."

"பின்ன ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா எழுதணும். எழுதினா கையெழுத்துப் போடணும். அறிக்கையை யார் படிக்கப்போறா? தலைமையகத்து இயக்குநர். ராஜாவுக்குப் பக்கத்துல நிக்கிற பெரிய மனுஷன்தான் திருடன்னு எழுதினா, அவர் அது யாருன்னு நினைப்பார்?"

"இது கதைக்கா! மந்திரவாதி! ஊதா அங்கி! நம்ம இயக்குநர் ஊதா போட்டு யாராவது பாத்திருக்கீங்களா?"

"போன வருஷம் ஆண்டு விழாவுல," என்றார் கோப்பறைக்காரர். "ஊதாச் சட்டை. போட்டோ கோப்புல இருக்கு. எடுக்கவா?"

எழுத்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மூன்று வாரம் மூளையைக் கசக்கி ஆறு விரலும் ஆந்தையும் யோசித்தவர், துணிக்கு நிறம் தேர்ந்தெடுத்தபோது அரை நிமிஷம் யோசிக்கவில்லை.

பிரிவுத் தலைவர் ஈரமில்லாத மனிதரல்ல. எழுத்தரின் சனிக்கிழமைப் பேருந்து அவருக்கும் தெரியும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மனசு விடாதப்பா. உனக்கு மாத்தல் வேணும், எங்களுக்கு வம்பு வேண்டாம். உன் கதையில கீழ்மட்டத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"கோபுரத்துக்கு ஒரு வாயில்காப்போன் இருக்கான் சார். மந்திரவாதி வந்தப்ப கதவைத் திறந்துவிட்டான்."

"வேற என்ன பண்ணினான்?"

"வேற ஒண்ணும் பண்ணல சார்."

"ஒண்ணும் பண்ணலையா?" தலைவரின் முகம் மலர்ந்தது. "மணி போயிருக்கு, இவன் ஒண்ணும் பண்ணல! எழுது."

எழுத்தர் பேனாவைத் திறந்தார். மூடினார். நகரத்துக் குழாயடியில் ஒரு வாளி நிரம்பிக்கொண்டிருப்பது அவர் காதில் சொட்டுச் சொட்டாகக் கேட்டது. மறுபடி திறந்தார்.

அதன் பிறகு குறைகேட்புப் பிரிவு செயல்பட்ட வேகம் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. மூன்று வாரம் அசையாத மூவர், மூன்று நிமிஷத்தில் கையொப்பமிட்டார்கள். தட்டச்சர் அக்கா ஒரு பிழை கூட இல்லாமல் அடித்தார். கோப்பறைக்காரர் கிழிசல், தடம், இறகு, மழை, கடிதம் ஆகிய ஐந்து துப்புகளையும் 'தொடர்பற்றவை' என்று குறித்து உள்ளே தள்ளினார். "நல்ல கதைப்பா," என்று தலைவர் எழுத்தரின் தோளைத் தட்டினார். "கடைசி வரைக்கும் யார்னே தெரியல."

எழுத்தர் உறையின் ஓரத்தை ஈரப்படுத்தி ஒட்டினார். அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். அரக்கு ஆறும் வரை ஊதிவிட்டு, வாசலுக்குப் போய் நீட்டினார். அலுவலகத் தபாலைத் தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது காவலாளியின் வேலை.

காவலாளி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். "பிடிச்சாச்சா சார்? மந்திரவாதிதானே?"

"இல்லப்பா." எழுத்தர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வாசல்ல நின்னவன்."

"அவனா? அவன் மேல துப்பு ஒண்ணும் வர்லியே சார்."

"ஒண்ணும் இல்ல."

காவலாளி உறையை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு அது மடங்காதபடி சட்டைப் பைக்குள் பதமாக வைத்து, பொத்தானைப் போட்டார்.

"மூணு வாரமா என்னடா சின்னப்புள்ளக் கதையா இருக்கேன்னு நினைச்சேன் சார்," என்றபடி படியிறங்கினார். "இப்பதான் நிஜமாவே நடந்த மாதிரி இருக்கு."

தபால் அன்று மாலையே போய்ச் சேர்ந்தது.