ஆம்ஸ்டர்டாமுக்குப் போன நோர்வேக்காரிகளும் எங்கள் மாமியும்

யாருடைய தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவள் என்று என்னைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. அது பொய்.

ஒஸ்லோவில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. (நோர்வேஜிய மொழியில் தற்காலிக ஊழியருக்கு 'விகார்' என்று பெயர். பயத்தில் என் முகமும் விகாரமாகத்தான் இருந்தது.) சில நூற்றாண்டுகளுக்கு முன் நோர்வேயிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பிழைக்கப் போன மாலுமிகள், வீட்டுவேலைப் பெண்கள் பற்றிய கண்காட்சி. நான் வழிகாட்ட இருந்த முதல் சுற்றுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். பத்துப் பேர் சேராவிட்டால் ரத்து என்றார் பொறுப்பாளர் இங்ரிட். ரத்தானால் என்னை மறுபடி கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்.

ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவில் இருக்கும் மாமிக்கு, அதாவது அம்மாவின் தம்பி மனைவிக்கு, போன் செய்தேன்.

"எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மாமி."

"அவ்வளவுதானே பிள்ளை? நான் பாக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு பேர் வந்தார்கள். மாமியின் பக்கத்துப் பகுதியான பியோர்ண்டாலிலிருந்து மட்டும் நாலு குடும்பங்கள். மூன்று பெண்கள் பட்டுச்சேலையில் (கலியாணம் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்). மாமியின் கையில் ஒரு பெட்டி நிறைய, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ்.

நோர்வேஜிய மொழியில் ஆரம்பித்தேன். "முதலில் போன அக்கா தங்கைக்கு அறை பிடித்துக் கொடுப்பாள். ஊர்க்காரன் ஒருவன் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பான்..."

"அட, அது நாங்களெல்லே!" என்று மாமி தமிழில் கத்தினார்.

அவ்வளவுதான். யார் யாருக்கு எங்கே வேலை எடுத்துக் கொடுத்தார்கள் என்று நாற்பத்தொரு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். பெயர் கொடுத்த இரண்டு நோர்வேக்காரர்களும் கையில் ரோல்ஸுடன் வாயைப் பிளந்து நின்றார்கள். கண்ணாடிப் பெட்டிமேல் ரோல்ஸ் துகள்கள்.

சத்தம் கேட்டு இங்ரிட் வந்தார். மாமி நேராக அவரிடம் போய், நோர்வேஜிய மொழியில், "இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, நிரந்தரமாக்குங்கள். எனக்கும் ஏதாவது வேலை இருக்கிறதா?" என்றார்.

"மாமி, பேசாமல் இருங்கோ!"

"நீ சும்மா இரு. கேட்டாத்தானே குடுப்பினம்."

நான் ஒரு மாலுமியின் மரப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இங்ரிட்டோ மூன்றாவது ரோல்ஸைக் கடித்தபடி, இவ்வளவு ருசியாக இதைச் செய்தது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று அருங்காட்சியகச் சிற்றுண்டிச்சாலையில் மாமி நிரந்தர ஊழியர். நான் இன்னமும் விகார். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் மாமி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்:

"என்னோட வேலை செய்யிற பிள்ளை. நான்தான் எடுத்து விட்டனான்."