பெட்ரோலைக் குடித்தது நானில்லை, மாமா

செம்மேடு,
ஈசுவர வருஷம், மாசி 12.

மகாகனம் பொருந்திய மாமா செங்கோடன் அவர்கள் சமூகத்துக்கு, கார் டிரைவர் நல்லமுத்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. தாங்களும் அத்தையும் தங்கள் மகள் அத்தாயியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இவ்விடம் என் உடம்பு சௌக்கியம், மானம் மட்டும் சௌக்கியமில்லை. காரணம் தாங்கள்.

எஜமான் காரிலிருந்து நான் பெட்ரோல் திருடி விற்கிறேன் என்று எவனோ சொன்னானாம், உடனே வைகாசியில் வைத்த கல்யாணத்தை நிறுத்திவிட்டீர்களாம், மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால்தான் பெண்ணாம். மாட்டேன். பெண் தராவிட்டால் போங்கள். ஆனால் நடந்ததைக் கேளுங்கள்.

கீழிருந்து ஏறிவர ரோடு இல்லாத இந்த மலைக்குக் காரைப் பிரித்து முப்பது ஆள் தோளில் ஏற்றினார்கள், மேலே நான் பூட்டினேன், ஊரே கைதட்டியது. மறுநாளே சனியன் பிடித்தது. கீழே ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பதினெட்டு மைல் ஓடிய கார் இங்கே பன்னிரண்டுக்கே நொண்டியது, கரும்புகை கக்கியது, மேட்டைக் கண்டால் அழுதது. பெட்ரோல் காற்றோடு சேர்ந்தால்தான் எரியும் மாமா, நாலாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிவு, அது தெரியாத கார்புரேட்டர் கீழே ஊற்றிய அளவையே இங்கேயும் ஊற்றுகிறது, மிஞ்சியது புகையாகப் போகிறது. இதைச் சொன்னால் எஜமான் என் வாயை மோந்து பார்க்கிறார்! நான் என்ன பெட்ரோலையா குடிப்பேன்?

விஷயம் நாட்டுப் பஞ்சாயத்துக்குப் போனது. காரை நடுவில் நிறுத்தி விசாரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சென்றாயன் அதைச் சுற்றி வந்து, ரேடியேட்டரைத் தடவிக் கொடுத்து, "ஏனுங்க, கீழ்நாட்டு மாடு மலையேறுனா மொதல்ல இப்புடித்தானுங்க. தீனி சாஸ்தி திங்கும், வேலை கம்மியாச் செய்யும். மேய்க்கறவன் மேல குத்தமில்லீங்க" என்றார். என்னிடம், "தீனியைக் கொறை சாமி, செரியாப் போயிரும்" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. பெட்ரோலை விடும் ஜெட்டைச் சின்ன ஓட்டையுள்ளதாகச் சேலத்திலிருந்து வரவழைத்து மாட்டினேன். புகை நின்றது, பதினாறு மைல் வருகிறது. குறைகிற இரண்டு மைல் மேட்டுக்குப் போகிறது, அதற்கும் என் வாயை மோந்து பார்ப்பீர்களா?

மாட்டு வைத்தியம் தெரிந்தவர் நம்பினார், மாப்பிள்ளை பார்த்தவர் நம்பவில்லை. அதுதான் வலிக்கிறது மாமா. அதனால் கற்பூரம் அணைக்க மாட்டேன், மாட்டேன், மாட்டேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அத்தாயியைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், கோபமாக இருக்கிறேன். தங்கள் குடும்பமும் ஆடுமாடும் நோய்நொடி இல்லாமல் பெருகட்டும்.

இப்படிக்கு,
நல்லமுத்து.

பின்குறிப்பு: மாரியம்மனுக்குப் பயந்து இதையும் எழுதுகிறேன். ஒரே ஒரு சீசா பெட்ரோல் எடுத்தது உண்மை. பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் இருந்தது ஒரே வேட்டி, அதில் முழங்காலளவு கிரீஸ். பெட்ரோலில்தான் துவைத்தேன். "பையன் வேட்டி என்ன வெளுப்பு, ஒழுக்கமானவன்" என்று தாங்கள் ஊரெல்லாம் சொன்னது அந்த வெளுப்பைத்தான். எஜமானிடம் இன்று சொல்லிவிட்டேன், அவர் சிரித்துவிட்டார். தாங்களும் சிரிப்பதானால் வைகாசி என்றே இருக்கட்டும்.