பன்னிரண்டு படிகளின் மௌனம்

“கயித்தை அவிழ்த்துடுக்கா.”

“மாட்டேன்.”

“நாளைக்கு நடுவருங்க வர்றாங்க. அவங்க கண்ணுல இந்த நீலக் கயிறு பட்டுதுன்னா...”

“இந்த நீலக் கயிறு இல்லன்னா என்னால படியேற முடியாது. அதுக்கு என்ன சொல்ற?”

“கொஞ்சம் என்னைப் பேச விடு...”

“அறுபத்தொரு வருஷமா நீதான்டா பேசிக்கிட்டிருக்க. ஒரே ஒரு தடவை, காத்து அடிக்கறப்ப, எதையும் பிடிக்காம இந்தப் பன்னிரண்டு படியும் ஏறிக் காட்டு தோர்கில். என் இடுப்பை மாட்டிக்கிட்டு.”

“உன்னோடது போன வருஷம் வெச்ச புது இடுப்பு. என்னோடதைவிட உறுதி.”

“அப்ப மாத்திக்கலாம், வா.”

மனித குலம் எத்தனையோ சங்கங்களைக் கண்டிருக்கிறது. ஆனால் நல்ல வடிவமைப்பைப் பார்த்த மாத்திரத்தில் இனம் கண்டு, அதற்கு வெண்கலத்தில் மரியாதை செய்து, அதன் வழியாகவே ஊர் மக்களுக்கும் தொண்டாற்றுகிற சங்கம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் ஸ்கோவிக் வட்டாரக் கட்டடக் கலைஞர் சங்கம். இருபத்தொன்பது ஆண்டுகளாக அதன் கூட்டக் குறிப்புகளை எழுதிவருகிறவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். நான் கட்டடக் கலைஞர் அல்ல. குறிப்பெழுதவும் காப்பி போடவும் அந்தப் படிப்பு இதுவரை தேவைப்படவில்லை.

மேலே சண்டை போட்டவர்களில் தம்பி தோர்கில், எங்கள் சங்கத் தலைவர். அக்கா குட்ரூன், வயது எழுபத்தாறு, வியாழக்கிழமைப் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். சண்டை நடந்த இடம், எங்கள் ஊர் மக்கள் மன்றத்தின் வாசல். கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளைக் கான்கிரீட் கட்டடம். தோர்கிலின் படைப்பு. வாசலுக்குப் போக பன்னிரண்டு படிகள். ஒரு பக்கம் வழவழவென்ற வெள்ளைச் சுவர், மறுபக்கம் வானம்.

கைப்பிடி கிடையாது. மறந்துவிட்டார்கள் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. கைப்பிடி கேட்டு குட்ரூன் மூன்று முறை மனுக் கொடுத்தார். மூன்று முறையும் சங்கம் கூடி, ஆழ்ந்து பரிசீலித்து, “கைப்பிடி பொருத்தினால் படிகளின் மௌனம் கெடும்” என்று ஒருமனதாகப் பதிலளித்தது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது கட்டட விதி. மின்தூக்கியும் உண்டு, பின்புறச் சுவரில். சுவரோடு சுவராகத் தெரியாத வண்ணம் அத்தனை நேர்த்தியாக அமைத்திருக்கிறார்கள். திறப்பு விழா அன்று ஒரு முறை திறந்தது. அதன் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் தோர்கில், “இருக்கு, இருக்கு. தெரியாம இருக்கறதுதான் அதோட அழகு” என்பார்.

ஆகவேதான் குட்ரூன், காலமான தன் கணவரின் மீன்பிடிப் படகிலிருந்து ஒரு நீலக் கயிற்றை எடுத்து, கீழே கொடிக்கம்பத்திலும் மேலே கதவின் பிடியிலும் இழுத்துக் கட்டினார். ஆணி இல்லை, விதிமீறல் இல்லை. பாட்டுக் குழுவில் இருபத்தாறு பேர். இளையவருக்கு எழுபத்தொன்று. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் ஏறி இறங்கிவிட்டார்கள். யாராவது உள்ளிருந்து கதவைத் திறந்தால் மட்டும் கயிறு தொய்ந்து, படியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலுக்கு வணக்கம் செலுத்துவார்கள்.

எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர். ஆண்டுக்கு ஒரு விருது. தகுதி ஒன்றே அளவுகோல். அந்தத் தகுதி எப்படியோ வரிசை பிசகாமல் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. இது வெளியே யாருக்கும் தெரியாது, குடும்பத்தினர் நீங்கலாக. குட்ரூன் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை, விருது அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பே தம்பிக்கு பாதாம் கேக் செய்துவிடுவார். இந்த ஆண்டும் செய்திருந்தார். கயிற்றுச் சண்டைக்குப் பிறகு அதைப் பாட்டுக் குழுவுக்கே கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை மாலை கயிறு அவிழ்க்கப்பட்டது. அவிழ்த்தவர் தோர்கில். படகுக்காரர்கள் போடுகிற மாதிரி குட்ரூன் போட்ட முடிச்சு அது. நாற்பது நிமிடம் ஆனது. குட்ரூன் பக்கத்தில் நின்று, உதவாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் குழுவின் முதல் அமர்வு வியாழன் காலை எங்கள் சங்க வீட்டில். அது முந்நூறு ஆண்டுப் பழைய வைக்கோல் கூரை வீடு. தாழ்ந்த உத்தரம், இரும்பு அடுப்பு, மாடிப்படியின் இரு பக்கமும் கை பட்டுப் பட்டு மினுமினுக்கிற மரக் கைப்பிடி. உறுப்பினர்கள் கட்டிய புதிய கட்டடம் ஒன்றில் கூட்டம் போடலாமே என்று ஒரு முறை கேட்டேன்.

“அங்கல்லாம் உக்கார முடியாது ராக்னில்” என்றார்கள் ஒரே குரலில்.

ஆறு நடுவர்களும் கறுப்பு உடையில் வந்தார்கள். தலைவர் தன் கட்டடத்துக்குத் தானே நடுவராக இருப்பது நியாயமில்லை என்பதால் தோர்கில் தோட்டத்தில் போய் நின்றார். ஜன்னல் திறந்திருந்தது. தோட்டத்திலிருந்தபடியே இரண்டு முறை திருத்தம் சொன்னார்.

மேஜையில் புகைப்படங்கள் பரப்பப்பட்டன. மக்கள் மன்றத்தின் இருபது படங்கள். ஒன்றிலும் மக்கள் இல்லை.

“ஆளுங்க இருந்தா என்ன ஆகும்?” என்று கேட்டேன், குறிப்புக்காக.

“கட்டடத்தைப் பார்க்க விடாம மறைப்பாங்க” என்றார் மூத்த நடுவர் ஹோல்கர்.

“சட்டை கலரும் ஒத்துப்போகாது” என்றார் அடுத்த நடுவர் யிட்டே. இவர் மின்னிலையம் கட்டுவதில் நிபுணர்.

மதியம் இடத்தைப் பார்வையிடப் போனோம். அங்கே எதிர்பாராத காட்சி. பன்னிரண்டு படிகளில் கீழ் நான்கு படிகளில் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பாட்டுப் புத்தகம், சுடுநீர்க் குடுவையில் காப்பி, காற்றில் பறக்காமல் இருக்க முட்டியால் அழுத்திப் பிடித்த பாதாம் கேக். அறுவடைப் பாட்டின் மூன்றாம் அடியில் இருந்தார்கள்.

ஹோல்கர் நெஞ்சில் கை வைத்தார்.

“பாருங்க. மக்கள் படியைத் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க.”

“எழுதிக்கோ ராக்னில்” என்றார் யிட்டே. “படிக்கட்டு வெறும் பாதையா இருந்தது. மக்கள் அதை அரங்கமா மாத்திட்டாங்க.”

“நாங்க ஒண்ணும் மாத்தல” என்றார் குட்ரூன். “மேல ஏற முடியல. அதனால இங்க உக்காந்திருக்கோம்.”

“அதுதாங்க விஷயம்” என்றார் ஹோல்கர், கண் பனிக்க. “இந்தப் படி உங்களை அவசரப்படுத்தல. இருக்கச் சொல்லுது.”

“எங்களுக்கு உள்ள போகணும். உள்ள பியானோ இருக்கு, கதகதப்பு இருக்கு, கழிப்பறை இருக்கு.”

“ஏக்கம்னு போட்டுக்கோ” என்றார் யிட்டே என் பக்கம் திரும்பி. “கட்டடம் ஏக்கத்தை உண்டாக்குதுன்னு.”

போட்டுக்கொண்டேன்.

பாட்டுக் குழுவின் கடைசி வரிசையிலிருந்து எண்பத்து நான்கு வயது ஓலுஃப் குரல் கொடுத்தார். “அந்தக் கழிப்பறை ஏக்கத்தையும் சேர்த்து எழுதும்மா.”

அதையும் எழுதினேன். கூட்டக் குறிப்பில் எதையும் விடக் கூடாது.

விருது ஒருமனதாக முடிவானது. வடிவமைப்புக்காக மட்டும் கொடுப்பதாக இருந்ததை, கண்ணால் கண்ட காட்சிக்குப் பிறகு, “வடிவமைப்புக்கும் சமூக சேவைக்கும்” என்று மாற்றினார்கள். தோர்கிலுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நன்றாகவே வியந்தார்.

அடுத்த கேள்வி, வெண்கலப் பலகையை எங்கே பதிப்பது. இதற்கே மூன்று அமர்வு பிடித்தது.

“சுவர்ல ஆணி அடிக்கக் கூடாதே” என்று நினைவூட்டினேன்.

“இது ஆணி இல்ல, அங்கீகாரம்” என்றார் யிட்டே.

கதவுக்குப் பக்கத்தில் வைக்கலாமா? மேலே போய் யார் படிப்பார்கள் என்று ஹோல்கர் கேட்டார். அதில் நியாயம் இருந்தது. கீழே, கண் மட்டத்தில்? தோர்கிலே மறுத்தார். கண் மட்டத்தில் நம் பெயரை வைப்பது தற்பெருமை. எங்கள் ஊரில் கொலையைக்கூட மன்னிப்பார்கள், தற்பெருமையை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே அடக்கமாக, இடுப்பு மட்டத்தில். சதுரப் பலகை ஆர்ப்பாட்டமாகத் தெரியும். ஆகவே மெலிதாக, நீளமாக, உருண்டையாக. படிகளின் சாய்வோடு இசைந்து சரிந்து. சுவரை ஒட்டினால் கனத்துத் தெரியும். ஆகவே சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, மிதப்பதுபோல. எழுத்தெல்லாம் சேர்த்தால் மூன்று படி நீளம் வந்தது. தோர்கில் தாமே வரைந்து கொடுத்தார். அழகான வரைபடம். அதை அனுப்பி வைத்தவள் நான். மறுநாள் கொல்லர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீங்க அனுப்பினது கைப்பிடிதானே?”

“இல்லைங்க, விருது.”

“பார்த்தா கைப்பிடி மாதிரியே இருக்கு.”

“சங்கத்துல ஏழு கட்டடக் கலைஞருங்க பார்த்துட்டாங்க. ஒருத்தருக்கும் அப்படித் தோணல.”

“சரி. எத்தனை கிலோ தாங்கணும்?”

கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை.

குட்ரூனை மனதில் வைத்து, “எழுபத்தெட்டு” என்றேன்.

“விருதுக்கு எழுபத்தெட்டு கிலோவா?”

“கோட்டும் காலணியும் சேர்த்து.”

அவர் பென்சிலால் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, “நூத்தைம்பது தாங்கற மாதிரி அடிச்சுடறேன்” என்றார்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை விழா. கொடி ஏறியது. பித்தளை வாத்தியக் குழு இரண்டு பாட்டு வாசித்தது. மேயரம்மா வந்திருந்தார். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், இலவங்கப்பட்டை ரொட்டி இலவசம் என்பதால். தோர்கில் மூன்றாம் படியில் நின்று, தான் இதற்குத் தகுதியானவன் அல்ல என்று பதினெட்டு நிமிடம் பேசினார். பிறகு மேயரம்மா துணியை இழுத்தார்.

வெயிலில் வெண்கலம் மின்னியது. “நல்ல வடிவமைப்பு மக்களுக்கே” என்று அதில் பொறித்திருந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் குட்ரூன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இரண்டு கையாலும் விருதைப் பற்றினார். ஒரு படி ஏறினார். கொல்லர், கூட்டத்தின் பின்னால், எட்டிப் பார்த்தார். இரண்டாம் படி. தோர்கில் தம்மையறியாமல் நகர்ந்து இடம் விட்டார். மூன்றாம் படி. அங்கே விருது முடிந்துவிட்டது. குட்ரூன் நின்றார். அவருக்கு மேலே இன்னும் ஒன்பது படிகள் மௌனமாக இருந்தன. கீழே இருபத்தைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள், ஓலுஃபின் கை ஏற்கெனவே “நல்ல” என்ற சொல்லைப் பற்றியிருந்தது.

“ரொம்ப உறுதியா இருக்குடா தம்பி” என்றார் குட்ரூன், மேயரம்மாவுக்கும் கேட்கும்படியாக.

“நன்றி அக்கா” என்றார் தோர்கில். முகம் மலர்ந்துவிட்டது.

“ஒரு விருதுல மூணு படி ஏறிட்டேன். இன்னும் ஒன்பது இருக்கு. இன்னும் மூணு விருது கொடுத்தாங்கன்னா நாங்க எல்லாரும் கதவுகிட்டப் போயிடலாம்.”

ஹோல்கர் மெல்லச் சிரித்தார். யிட்டே என்னைப் பார்த்து, எழுத வேண்டாம் என்று தலையசைத்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“உன் முறை ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருது தோர்கில்? எனக்கு இப்ப எழுபத்தாறு. அந்தக் கதவுகிட்டப் போறப்ப எனக்கு என்ன வயசு ஆயிருக்கும், நீயே கணக்குப் போட்டுச் சொல்லு.”