சன்ன அரிசி மூட்டை

கிழிந்த சட்டை ஒன்று வேண்டும் என்று பூட்டு ரிப்பேர்க்காரர் அலமாரியையே கலைத்துப் போட்டார். இருந்த ஒன்றும் தரை துடைக்கும் துணியாகியிருந்தது. அதை மனைவியின் கையிலிருந்து பிடுங்கி உதறி மாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பல வருஷமாக ஒரு சங்கத்துக்கு மாதம் தவறாமல் நன்கொடை கொடுத்து வந்தார். அந்தப் பணத்தில் சங்கத் தலைவர் தன் மாமனார் வீட்டுக்கு மாடி கட்டியது தெரிந்த அன்றே, கொடுக்கிற சந்தோஷம் அவரை விட்டுப் போய்விட்டது. கொடுக்காமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. அதனால் இந்த முறை தெருக்கோடி இலவச உணவுக்கூடத்துக்கு, பேர் சொல்லாமல், ஒரு மூட்டை உயர்ந்த சன்ன அரிசி அனுப்பினார்.

"பணமா கொடுத்தா யார் கைக்குப் போகுமோ? பொருளா கொடுத்துட்டா கவலையில்ல" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

"ஏன், மூட்டைக்குக் கால் முளைக்காதா?" என்று கேட்டுவிட்டாள் அவள்.

அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. தானே போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தார். நன்கொடையாளர் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் ஒழுங்காகப் போடுவார்கள். ஆகவேதான் இந்தக் கிழிசல் வேஷம்.

பந்தியில் உட்கார்ந்தார். தட்டில் விழுந்தது குண்டு அரிசிச் சோறு. அவர் அனுப்பியது இதுவல்ல. சமையல்காரரிடம் மெல்ல விசாரித்தார். பழைய மூட்டை தீர்ந்தால்தான் புதுசைப் பிரிப்பார்களாம். பாதி நம்பி, மறுநாளும் போனார். அன்றும் குண்டு அரிசி. அதற்கு மறுநாளும் அதே கதை.

மதியமெல்லாம் கடை பூட்டிக் கிடந்தது. சாவி தொலைத்தவர்கள் கடை வாசலில் நின்று அவரைத் திட்டினார்கள். வீட்டில் சோறு மிஞ்சிக்கொண்டே போக, மனைவி அவருக்கு மதியச் சமையலை நிறுத்தியேவிட்டாள். இப்போது நிஜமாகவே அவருக்குச் சாப்பிட வேறு இடமில்லை.

எட்டாம் நாள் தட்டில் சன்னமாக, வெள்ளை வெளேரென்று விழுந்தது. ஒரு வாய் வைத்தார். சந்தேகமேயில்லை, அவர் அரிசிதான். கண்ணில் நீர் முட்டியது. பானையின் அடிவரை அதேதானா என்று பார்க்க இன்னும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பந்தியே கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

போன சந்தோஷம் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் அதே சட்டையில், உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, நிறையப் பணம் வைத்த கவரோடு போனார். வாயைத் திறப்பதற்குள், தினமும் பக்கத்தில் உட்காரும் தாடிக்காரர் இவர் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே புத்தம்புதுச் சட்டை.

"நேத்து நீங்க அழுததை எல்லாரும் பாத்தோம். மனசு தாங்கல. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம்."

கவரைப் பிடித்த பூட்டு ரிப்பேர்க்காரரின் கை பாக்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

தாடிக்காரர் காதருகே குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பணமாவே கொடுக்கலாம்னுதான் இருந்தோம். ஆனா பணமா கொடுத்தா, உங்க கையிலிருந்து யார் கைக்குப் போகுமோ?"