கேப்டனுக்கு எதுக்குத் தனி அறை?

இந்த முறை என் அறையை விட்டுத் தருவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டு எடுக்கும் துணிச்சல் கல்யாணத்தோடு போய்விட்டது.

சிறுவர் பத்திரிகையில் வரும் விண்கலக் கதைகளுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. நாளைக்கு மச்சினன் மனைவி மக்களோடு வருகிறான். இந்த ஊரில் அவனுக்கு ஒரு மாதம் இராத்திரி வேலை. வீட்டில் ஆள் தங்கத் தோதானது நான் படம் போடும் அறை ஒன்றுதான். மனைவி அதைக் கேட்பதற்குள் 'வேலை தலைக்குமேல் கிடக்கிறது' என்று முந்திக்கொள்வது என் திட்டம்.

பொய் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. ஆசிரியர் போன் செய்தார்.

"நீங்க போட்ட விண்கலப் படத்துல நாற்பது பேர் ஏறியாச்சு. ஒரு வருஷத்துக்குச் சாப்பாடு, தண்ணி எங்க சார்? பசங்க கேப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

படத்தை விரித்து உட்கார்ந்தேன். சரக்கைக் கூட்டினால் ஆட்கள் வெளியே நின்றார்கள். ஆட்களை ஏற்றினால் தண்ணீர்த் தொட்டி வெளியே நின்றது. அழித்து அழித்துக் காகிதமே கிழிந்துவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒரே நேரத்துலயா தூங்குவாங்க?"

"இல்ல. பாதிப் பேர் முழிச்சு வேலை பாப்பாங்க."

"அப்ப ரெண்டு பேருக்கு ஒரு கட்டில் போதுமே. மிச்ச இடத்துல தண்ணிய வைங்க."

வைத்தேன். அடங்கிற்று.

"சாப்பாடு இன்னும் வெளியதான் நிக்குது" என்றேன்.

"இந்தப் பெரிய அறை யாருக்கு?"

"கேப்டனுக்கு. ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதையை ஒரு வருஷத்துக்குச் சாப்பிட முடியுமா? அங்க ஆளுங்களைப் போடுங்க. அவங்க இடத்துல சாப்பாட்டை அடுக்குங்க. கேப்டன் சரக்கு அறையில மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கட்டும். நல்ல கேப்டன்னா ஒத்துக்குவாரு. சரியா, தப்பா?"

"நூத்துக்கு நூறு சரி."

படத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "கேப்டன் தியாகி சார்" என்று ஆசிரியர் கையைக் குலுக்கினார். போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தால் என் அறையில் வரிசையாக மெத்தைகள். என் மேசை ஸ்டோர் ரூமில், ட்ரங்க் பெட்டிகளுக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவில். பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில்.

"இதெல்லாம் என்ன?" என்றேன்.

"நூத்துக்கு நூறு சரின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றபடி தலையணைக்கு உறை மாட்டினாள். "தம்பி வந்ததும் தினமும் விடியுறதுக்குள்ள எழுந்துடுங்க, கேப்டன். அவன் வேலை முடிஞ்சு வந்து அதே கட்டில்லதான் படுப்பான்."