ஹாலர்ட் கவுண்டியின் ஒரே பொதுமக்கள்

அமெரிக்க வரைபடத்தை நான்காக மடித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் எங்கள் ஹாலர்ட் கவுண்டி, அதாவது மாவட்டம், இருக்கிறது. வயது வந்தோர் அறுபத்திரண்டு பேர். மாடுகள் பதினோராயிரம். மாடுகளுக்கு வாக்குரிமை இல்லாததால் அவற்றைப் பற்றி மேற்கொண்டு சொல்வதற்கில்லை.

அறுபத்திரண்டு பேரில் அறுபத்தொரு பேர் பதவியில் இருந்தார்கள். ஒரு கவுண்டி என்றால் மூன்று ஆணையர்கள் வேண்டும். ஷெரீப், பொருளாளர், மரண விசாரணை அதிகாரி வேண்டும். பள்ளிக்கு ஒரு வாரியம், கல்லறைக்கு ஒன்று, களை ஒழிப்புக்கு ஒன்று வேண்டும். நூலக வாரியத்துக்கு ஐந்து பேர். நூலகம் எரிந்துபோய் முப்பது வருடம் ஆகிறது, வாரியம் எரியவில்லை. நான் கவுண்டி எழுத்தர். ஆணையர்கள் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. எதிர்த்து நிற்க ஆளில்லாததால், ஆறு தேர்தலாக மக்கள் என்மீது வைத்த நம்பிக்கை குறையவே இல்லை.

யாரும் போட்டியிடாத பதவிக்கு வாக்குச்சீட்டில் வெறும் கோடு இருக்கும். அதில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். எம்மெட் கிரெப்ஸ் அப்படித்தான் மரண விசாரணை அதிகாரி ஆனார். மூன்று பேர் விளையாட்டாக அவர் பெயரை எழுதிவிட்டார்கள். கவுண்டியில் ஒருவர் இறந்தால், உண்மையிலேயே இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். பிழைப்புக்கு மாடு வளர்த்தார். வைத்தியம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் சிறுநீரகம் கெட்டபிறகு தெரிந்துகொண்டதுதான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

மீதி இருந்த ஒருவர் அவருடைய மனைவி லோர்னா. அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் எங்கள் கவுண்டியின் பொதுமக்கள் அவர்தான்.

மார்ச் மாதம் டர்ட்டில் ஓடையில் பனி உடைந்து, பாறை பாறையாகக் கட்டிகள் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போயின. பாலம் இருந்தவரை கிரெப்ஸ் பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு மைல். பக்கத்துக் கவுண்டி வழியாகச் சுற்றினால் எழுபது மைல், பாதி தூரம் சரளைக்கல்.

புதுப் பாலத்துக்கு மாநில அரசின் உதவி உண்டு. ஒரே நிபந்தனைதான். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும்; பதவி எதிலும் இல்லாத ஒருவராவது நேரில் வந்து, தாம் படும் சிரமத்தைச் சொல்லி அது பதிவாக வேண்டும்.

ஏப்ரலில், ஆஸ்பத்திரி இருக்கும் கரையில், கவுண்டி அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. ஆணையர்களின் தலைவர் வெர்னன் ஸ்டக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"பொதுமக்கள் வந்தாச்சா?"

"உன் மூக்குக்கு நேரா உக்காந்திருக்கேன், வெர்னன்" என்றார் லோர்னா.

"லோர்னா, பள்ளிக்கூடத்துல நீ எனக்கு ஒரு வகுப்பு கீழ. ஆனா இங்க நீங்க பொதுமக்கள். அதனால மரியாதையாவே கேக்கறேன். எப்படி வந்தீங்க?"

"பிக்கப்புலதான். சுத்திக்கிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"ஆனா வந்துட்டீங்க."

"வந்துட்டேன்."

வெர்னன் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. பொதுமக்கள் வந்து சேர வழி இருக்கு."

"அடப்பாவி, எழுபது மைல்!"

இரண்டாவது ஆணையர் டார்லீன் கனிவாகச் சொன்னார்: "வழி இல்லைன்னாத்தானே பாலம் வேணும்? உனக்குத்தான் வழி இருக்கே, கண்ணு."

மே மாதக் கூட்டத்துக்கு லோர்னா வரவில்லை. ஆணையர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து, மிளகாய்ச் சூப்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டார்கள். பொதுமக்களுக்குப் பாலத்தில் ஆர்வம் இல்லை என்று எழுதினேன். அப்போது தொலைபேசி அடித்தது.

"பாலம் இல்லாம நான் எப்படி அங்க வர்றது?"

"நல்ல கேள்வி" என்றார் வெர்னன். "நேர்ல வந்து கேட்டீங்கன்னா பதிவு பண்ணிக்குவோம்."

ஜூனில் லோர்னா வந்தார், இடுப்புவரை சேறாக. காலையிலேயே பிக்கப்பை எடுத்துக்கொண்டு சுற்றுவழியில் போய், டயாலிசிஸ் முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த எம்மெட், அதிகாரிகள் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எப்படி வந்தீங்க?"

"ஓடையில இறங்கி."

"எழுதிக்குங்க. ஓடை இறங்கிக் கடக்கத்தக்கது."

"தலை சுத்தி நிக்க முடியாத மனுஷனை இந்தத் தண்ணியில இறக்கச் சொல்றியா?"

"அது எம்மெட்டோட சிரமம். எம்மெட் அதிகாரி. இன்னைக்கு நாம கேக்கறது பொதுமக்களோட சிரமத்தை."

லோர்னா கணவரைப் பார்த்தார். எம்மெட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முறைப்படி பாத்தா வெர்னன் சொல்றது சரிதான், லோர்னா."

அந்தக் கோடையில் எல்லாக் கவுண்டிகளும் ஆளுக்கொரு முழக்கம் வைத்துக்கொள்வதாக ஆணையர்கள் கேள்விப்பட்டார்கள். நகரத்திலிருந்து மெல்லிய காலணி போட்ட ஆலோசகர் ஒருவர் வந்தார். மூன்று நாள் யோசித்து, "நாங்கள் செவிமடுக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தொப்பிகளில் பொறித்து எல்லோருக்கும் வழங்கினோம். பாலம் இருந்த இடத்தில் இருபதடி உயரத்துக்கு அறிவிப்புப் பலகையும் வைத்தோம். எதிர்க்கரையிலிருந்து லோர்னாவால் அதைத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

ஆகஸ்டில் மழை பெய்து சுற்றுவழியும் சேறாயிற்று. எம்மெட்டுக்கு இரண்டு டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் வீங்கி, பூட்ஸைக் கத்தரித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஆள் தப்பமாட்டார் என்று மருத்துவர் லோர்னாவிடம் ஒளிக்காமல் சொன்னார்.

செப்டம்பரில் மூன்றாவது ஆணையர் குளிரை நினைத்துப் பயந்து, அரிசோனாவில் மகள் வீட்டோடு போய்விட்டார். நவம்பர் வாக்குச்சீட்டில் அவர் இடத்தில் வெறும் கோடு. லோர்னா ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். "என் பேரை எழுதுங்க. உள்ள போனாத்தான் இவனுங்க காதுல ஏறும்." பத்தொன்பது பேர் எழுதினார்கள். எங்கள் கவுண்டியில் அதைப் பேரலை என்போம்.

ஜனவரியில் பதவியேற்பு. எல்லா வாரியங்களும் வந்திருந்ததால் அறை நிறைந்திருந்தது. புத்தம்புதிய பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்த லோர்னா, முதல் வேலையாக டர்ட்டில் ஓடைப் பாலத்தைக் கட்ட வேண்டும் என்றார். டார்லீன் வழிமொழிந்தார். வெர்னனும், "எனக்கு எப்பவுமே ஆட்சேபணை இருந்ததில்லை" என்றார். லோர்னாவின் கண் கலங்கிவிட்டது.

நான் கையைத் தூக்க வேண்டியதாயிற்று. "கருத்துக் கேட்புக் கூட்டம் இன்னும் முடியலை. முந்தின மூணு கூட்டத்துலயும் சிரமம் எதுவும் இல்லைன்னுதான் பதிவாகியிருக்கு. மறுபடி நடத்தணும்னா பொதுமக்கள்ல ஒருத்தர் வேணும்."

"அதுக்கென்ன, நடத்து" என்றார் லோர்னா.

"பொதுமக்கள் நீங்கதான். இப்ப நீங்க ஆணையர்."

வெர்னன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒருவர் அரிசோனா போனபின் மிச்சம் அறுபத்தொரு பேர், அறுபத்தொரு பதவி. யாராவது ஒருவர் பதவியை விட்டு, எழுந்து நின்று, சிரமத்தைச் சொன்னால் போதும். பாலம் வந்துவிடும்.

"யாராவது ஒருத்தர் விடுங்களேன்" என்றார் லோர்னா.

"நான் விட்டா நூலகத்தை யாரு பாத்துக்குவா?" என்றார் நூலக வாரியத்துக்காரர். கல்லறை வாரியம் குனிந்து தன் கைகளைப் பார்த்தது. நான் பேனாவில் மை வருகிறதா என்று சோதித்தேன். நன்றாகவே வந்தது.

லோர்னா கணவர் பக்கம் திரும்பினார். "எம்மெட், நீ விடு. பாலமே உனக்காகத்தான்."

எம்மெட் செவிமடுக்கும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நாலு வருஷமா எங்கிட்ட ஒருத்தர்கூடப் புகார் சொன்னதில்ல, லோர்னா. இந்த மாதிரி பதவி இன்னொண்ணு கிடைக்குமா?"

"செத்தவன் எப்படிடா புகார் சொல்லுவான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"உன் உயிர் போயிடும், மடையா!"

"போனா கையெழுத்துப் போட ஆள் வேணாமா?" என்றார் எம்மெட். பிறகு குரலைத் தணித்தார். "ஏன், நீயே விட்டுடேன். பதவிக்கு வந்து முக்கால் மணி நேரம்தானே ஆச்சு. பொதுமக்களா இருந்து பழகினவ நீதான்."

அறையில் இருந்த அறுபது பேரும் லோர்னாவைப் பார்த்தார்கள். லோர்னா பெயர்ப்பலகையைப் பார்த்தார். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கினார்.

"நான் விட்டா, இந்த மேசையில பாலத்துக்காகப் பேச யாரு இருக்கா?"

அன்றைய பதிவேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

'பாலம் குறித்த தீர்மானம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்க முன்மொழிந்தவர் ஆணையர் லோர்னா கிரெப்ஸ். தமக்கு வழிமொழியும் உரிமை இல்லை என்பதை மறந்து வழிமொழிந்தவர் மரண விசாரணை அதிகாரி எம்மெட் கிரெப்ஸ். பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் வரவில்லை.'